சர்வே நம்பரைத் தட்டினால் தண்ணீர் மட்டம் தெரிய வேண்டும்

போன கோடையில் என் தங்கை வீட்டுக்காரர் சென்னையில் தாம்பரத்தை ஒட்டிய முடிச்சூர் பக்கம் ஒரு மனை பார்த்தார். ஒரு கிரவுண்டு. "மச்சான், நீங்களும் வந்து ஒரு பார்வை பாத்துச் சொல்லுங்க" என்று கூப்பிட்டார். போனேன். காய்ந்த நிலம், புதிதாக நட்ட எல்லைக் கற்கள், செம்மண் ரோடு, ஓரத்தில் வரிசையாக வேப்பங்கன்றுகள். மே மாத வெயிலில் எந்த மனையும் நல்ல மனையாகத்தான் தெரியும். புரோக்கர் பிளாஸ்டிக் கவரிலிருந்து காகிதங்களை எடுத்து நீட்டினார். "அப்ரூவ்டு லேஅவுட் சார். பட்டா கிளியர். வில்லங்கம் எதுவும் கிடையாது. எந்த பேங்க்லயும் லோன் போகும்."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

திரும்பும்போது மெயின் ரோட்டு முனையில் டீ குடிக்க நின்றோம். இங்கெல்லாம் தண்ணீர் வருமா என்று கடைக்கார அம்மாவிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். அவர் உள்சுவரைக் கை காட்டினார். ஸ்விட்ச் போர்டுக்குச் சற்றுக் கீழே நீலப் பெயின்ட்டில் ஒரு கோடு. "அது பதினஞ்சாம் வருஷத்துது. அதுக்குக் கீழ ஒண்ணு இருக்கே, அது மிக்ஜாம் சமயம். என் பையன் போட்டு வெச்சான்." மேல்கோட்டுக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். என் மார்புக்கு வந்தது.

அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்து இருவரும் போனை எடுத்தோம். வருவாய்த் துறையின் இணையச் சேவையில் சர்வே நம்பரைப் போட்டால் பட்டா வந்தது: யார் பெயரில், எத்தனை ஏர், என்ன தீர்வை. புலப்படமும் வந்தது, ஒவ்வொரு பக்கமும் எத்தனை மீட்டர் என்ற கணக்கோடு. பதிவுத் துறைத் தளத்தில் வில்லங்கச் சான்று, வழிகாட்டி மதிப்பு. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வின் தளத்தில் நிலப் பயன்பாடு: குடியிருப்புப் பகுதி. பத்து வருஷத்துக்கு முன்னால் இவ்வளவையும் வாங்க நாலு ஆபீசுக்கு அலைய வேண்டும். இப்போது ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. ஆனால் அந்தச் சுவரில் இருந்த கோடு, நாங்கள் பார்த்த எந்தத் தளத்திலும் இல்லை.

சரி, தண்ணீரைப் பற்றிச் சொல்லும் கருவிகள் நம்மிடம் இல்லையா என்றால், நிறையவே இருக்கின்றன. 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஐ.ஐ.டி. பம்பாய் முன்னின்று, சென்னையிலிருக்கும் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் உள்ளிட்ட பல அமைப்புகள் சேர்ந்து ‘சி-ஃப்ளோஸ்’ என்ற வெள்ள முன்னெச்சரிக்கை அமைப்பை உருவாக்கின. எவ்வளவு மழை, ஏரிகளில் எவ்வளவு திறப்பு, கடலில் எவ்வளவு ஏற்றம் என்று பல சேர்க்கைகளுக்கு முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருக்கும் வெள்ளக் காட்சிகளின் நூலகம் அது. மழை நெருங்கும்போது பொருந்தும் காட்சியை எடுத்து, எந்த வார்டில் எவ்வளவு நிற்கும் என்று சொல்லும். மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு ‘டி.என்.ஸ்மார்ட்’, ‘டி.என். அலர்ட்’ செயலிகள் உண்டு. நீர்வளத் துறை சென்னைப் படுகைக்கென்று நிகழ்நேர வெள்ளக் கணிப்பு அமைப்பை எடுத்துச் செய்திருக்கிறது. இஸ்ரோவின் ‘புவன்’ தளத்தில் செயற்கைக்கோள் படங்கள் கிடைக்கின்றன.

இவையெல்லாம் நல்ல வேலைகள். இவற்றுக்குப் பின்னால் இருக்கும் பொறியாளர்களின் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் இவற்றில் பெரும்பாலானவை ஒரே கேள்விக்குப் பதில் சொல்லப் பிறந்தவை: இன்று ராத்திரி தண்ணீர் எங்கே வரும்? மனை வாங்குகிறவரின் கேள்வி வேறு. லேஅவுட்டுக்குக் கையெழுத்துப் போடுகிற அதிகாரியின் கேள்வியும் வேறு. அடுத்த முப்பது வருஷத்தில் இந்தச் சர்வே நம்பரில் எவ்வளவு தண்ணீர், எத்தனை தடவை நிற்கும்? வெள்ளம் வருகிறது, கிளம்புங்கள் என்று சொல்வது ஒரு வேலை. வெள்ளம் வரும் இடத்தில் வீடே வேண்டாம் என்று பத்து வருஷம் முன்னாலேயே சொல்வது இன்னொரு வேலை. முதல் வேலைக்கு நாம் கருவி செய்துவிட்டோம். இரண்டாவது வேலைக்கு, நிலத்தின் கணக்கையும் தண்ணீரின் கணக்கையும் ஒரே திரையில் உட்கார வைக்க வேண்டும். சென்னையில் இன்று செய்ய வேண்டியதிலேயே முதன்மையான காரியம் அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

ஒரு வெள்ள வரைபடம் எப்படி உருவாகிறது

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். ஏனென்றால் வரைபடத்தை எங்கே நம்பலாம், எங்கே நம்பக் கூடாது என்பது இதில்தான் இருக்கிறது.

முதல் தேவை நிலத்தின் உயரம். உலகம் முழுதும் இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவுகளில் பெயர் பெற்றது, 2000 பிப்ரவரியில் அமெரிக்க விண்ணோடம் ஒன்று ரேடாரால் எடுத்தது. 30 மீட்டருக்கு 30 மீட்டர் கட்டத்துக்கு ஓர் உயரம். மலைப் பகுதிக்கு அது போதும். சென்னைக்குப் போதாது. இந்த ஊரின் சராசரி உயரமே கடல் மட்டத்திலிருந்து 7 மீட்டருக்குள்தான். அந்தத் தரவிலோ பிழையே சில மீட்டர் வரை போகும். அதோடு ரேடார் தரையைப் பார்ப்பதில்லை, மொட்டை மாடியையும் மர உச்சியையும் பார்க்கிறது. வேளச்சேரியில் அடுக்குமாடி நிற்கும் பள்ளம் அந்தப் படத்தில் மேடாகத் தெரியும். அந்தத் தரவை வைத்துக் கணினியில் ஒரு மணி நேரத்தில் அழகான நீல வண்ணப் படம் போட்டுவிடலாம். அதைப் பார்த்து மனை வாங்கினால் மோசம் போவோம்.

அதனால்தான் விமானத்திலிருந்து லேசர் கதிர் அனுப்பி அளக்கும் ‘லைடார்’ வேண்டும். பிழை ஒரு சாணுக்குள் அடங்கும். தரை எது, மரம் எது, கட்டடம் எது என்று பிரித்தும் காட்டும். ஒரு தெருவுக்கும் பக்கத்துத் தெருவுக்கும் நடுவே அரை அடி வித்தியாசம்தான் சென்னையில் பல இடங்களில் யார் வீட்டுக்குள் தண்ணீர் வரும் என்பதை முடிவு செய்கிறது. அந்த அரை அடி தெரியாத கருவியால் இந்த ஊருக்குப் பயன் குறைவு.

இரண்டாவது, மழை. ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. அதன் மேல் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் சுமார் 22,000 லிட்டர். 9,000 லிட்டர் லாரி இரண்டரை லோடு. நூறு கிரவுண்டு லேஅவுட் என்றால் 250 லாரி. மண்ணாக இருந்தபோது அதில் ஒரு பங்கு உள்ளே இறங்கியது, ஒரு பங்கு பள்ளத்தில் தேங்கி மெல்ல நகர்ந்தது. கான்கிரீட்டும் சிமென்ட் ரோடுமாக ஆன பிறகு கிட்டத்தட்ட அத்தனையும் உடனே கிளம்பி அடுத்த இடம் தேடும். 2015 டிசம்பர் 1-ஆம் தேதியை ஒட்டிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்தது. அந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

காற்று ஒரு டிகிரி சூடானால் அது சுமக்கக்கூடிய நீராவி சுமார் 7 சதவீதம் கூடும். அதாவது பழைய மழைப் பதிவேடுகளை மட்டும் வைத்து வருங்காலத்துக்கு வடிகால் அளவு போடுவது சரியாக வராது. பருவநிலையைக் கணக்கில் எடுத்த நிலத் திட்டமிடல் என்று சொல்வதன் அர்த்தம் இதுதான்: பழைய மழையைப் பார்க்கிறோம், அதோடு வரப்போகும் மழைக்கும் இடம் விடுகிறோம்.

மூன்றாவது, தண்ணீர் போகும் வழி. அடையாறு, கூவம், கொசஸ்தலையாறு, தெற்கே கோவளம் படுகை, எல்லாவற்றுக்கும் குறுக்கே பக்கிங்காம் கால்வாய். ஆற்றின் குறுக்குவெட்டு எவ்வளவு, பாலத்துக்கடியில் எவ்வளவு அடைப்பு, முகத்துவாரத்தில் மணல் மேடு இருக்கிறதா, அந்த நேரம் கடல் ஏற்றமா இறக்கமா, எல்லாம் உள்ளே போக வேண்டும். இதில் ஒன்று தப்பினாலும் கணக்கு தப்பும். தெருவோர மழைநீர் வடிகால் எந்தப் பக்கம் சரிகிறது என்பதுகூட முக்கியம்.

செயற்கைக்கோளைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவின் ‘சென்டினல்-1’ ரேடார் செயற்கைக்கோள் மேகத்தை ஊடுருவிப் பார்க்கும், படங்கள் இலவசம். தேங்கிய தண்ணீர் அதில் கறுப்பாகத் தெரியும். வயல்வெளியில் வெள்ளம் பரவியதைப் பார்க்க அதைவிட நல்ல கருவி கிடையாது. ஆனால் வீடுகள் நெருங்கி நிற்கும் தெருவில் ரேடார் அலை தண்ணீரிலும் பட்டு, சுவரிலும் பட்டு, பளிச்சென்று திரும்பிவிடும். தண்ணீர் நிற்கிற தெரு, தண்ணீர் இல்லாத தெருபோலத் தெரியும். ஆகவே "செயற்கைக்கோள் படத்தில் இந்த ஏரியாவில் வெள்ளம் இல்லை" என்று யாராவது காட்டினால், அந்த ஏரியா வயலா தெருவா என்று கேளுங்கள்.

கடைசியாக அந்த ‘நூறு வருஷத்து வெள்ளம்’. நூறு வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. எந்த ஒரு வருஷத்திலும் அது வர நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதுதான் பொருள். முப்பது வருஷ வீட்டுக் கடன் வாங்குகிறீர்கள் என்றால், கடன் அடைந்து முடிவதற்குள் ஒரு தடவையாவது அது வந்துபோக வாய்ப்பு சுமார் 26 சதவீதம். நாலு பேர் கடன் வாங்கினால் அதில் ஒருவர் பார்த்துவிடுவார். பத்திரத்தில் நூறு பக்கம் இருக்கிறது. இந்த ஒரு எண்ணுக்கு அதில் ஒரு வரி இல்லை.

பழைய பதிவேடும் ஒரு தரவுதான்

கணினி மாடல் வருவதற்கு முன்பே இந்த நிலத்தைப் பற்றித் தெரிந்தவர்கள் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கிராமக் கணக்கில் ‘ஏரி உள்வாய்’, ‘நீர்பிடிப்பு’, ‘ஓடைப் புறம்போக்கு’, ‘கழுவேலி’ என்று பார்த்தாலே தெரியும். ஊர்ப் பெயரே சொல்லும்: பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல். தாங்கல் என்றால் தண்ணீர் தங்கும் இடம். தியாகராய நகரை 1920களில் ஒரு நீண்ட ஏரியைத் தூர்த்துத்தான் அமைத்தார்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, பார்க்க லேக் இல்லை. வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில். பிறகு அரசு வீட்டு வசதித் திட்டங்களே ‘ஏரித் திட்டம்’ என்ற பெயரில் வந்தன. முகப்பேர் ஏரித் திட்டம் என்று இன்றும் முகவரியில் எழுதுகிறோம். யாரும் ஒளித்துச் செய்யவில்லை. தண்ணீருக்கு இனி இடம் தேவையில்லை என்று அந்தக் காலத்தில் நிஜமாகவே நம்பினார்கள்.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்து ஏரிகள் தனித்தனியானவை அல்ல, சங்கிலி. மேல் ஏரி நிரம்பினால், உபரி நீர் வழியும் கலங்கல் வழியாகப் போக்குக் கால்வாயில் இறங்கி அடுத்த ஏரிக்கு வரும். நடுவில் ஓர் ஏரியை லேஅவுட் ஆக்கினால் மேலேயிருந்து வரும் தண்ணீர் நிற்காது. அது வந்துகொண்டுதான் இருக்கும், தங்குவதற்கு வீட்டுக் கூடம் இருக்கும். முடிச்சூர் பக்கம் நடப்பதில் பெரும்பங்கு இதுதான். அடையாற்றின் மேல்பகுதி ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிரம்பி வழியும்போது, செம்பரம்பாக்கம் திறப்பதற்கு முன்பே அங்கே தெருக்களில் முழங்கால் ஆழம் வந்துவிடும்.

ஆக, நல்ல ஒரு திட்டமிடல் கருவியின் முதல் லேயர் லைடாராக இருந்தால், இரண்டாவது லேயர், எந்தச் சர்வே நம்பர் என்ன வகை நிலம் என்று சொல்லும் கிராமக் கணக்கான அ-பதிவேடாக இருக்க வேண்டும். பழைய நில அளவை வரைபடங்களை ஸ்கேன் செய்து, இன்றைய இடத்தோடு பொருத்தி, எந்த மனை எந்த ஏரியின் உள்வாயில், அதாவது தண்ணீர் நிற்கும் பரப்பில், இருந்தது என்று நிறம் போட்டுக் காட்டுவது ஒன்றும் முடியாத காரியமில்லை. தமிழ்நாடு புவித் தகவல் அமைப்பு என்ற ‘டி.என்.ஜி.ஐ.எஸ்.’ தளமும், எண்ணிம வடிவிலான புலப்படங்களும் ஏற்கெனவே கையில் இருக்கின்றன.

இரண்டு கணக்கும் சேராததால் என்ன ஆகிறது என்பதற்குப் பள்ளிக்கரணையைப் பாருங்கள். ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் இருந்த சதுப்பு நிலம். மிஞ்சியதில் 1,248 ஹெக்டேர் 2022இல் ராம்சார் தலமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. அதில் சுமார் 700 ஹெக்டேர் காப்புக்காடு, அதன் எல்லையில் குழப்பமில்லை. மீதி நிலத்தில்தான் சிக்கல். ராம்சார் வரைபடம் அட்சரேகை, தீர்க்கரேகை பேசுகிறது. பட்டா சர்வே நம்பர் பேசுகிறது. எந்தெந்தச் சர்வே நம்பர் கோட்டுக்கு உள்ளே என்பது நிலத்தில் இறங்கி அளந்து உறுதி செய்யப்படாமலே வருஷங்கள் ஓடின. கட்டட அனுமதிகளும் ஓடின. 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, ராம்சார் எல்லையிலும் அதிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ளும் புதிய அனுமதி தர வேண்டாம் என்று சி.எம்.டி.ஏ.வுக்கு உத்தரவிட்டது. உடனே அந்தச் சுற்று வட்டாரத்தில் எத்தனையோ பேருடைய வீட்டுக் கனவு அப்படியே நின்றது. சதுப்பு நிலத்தைக் காக்க அது தேவைப்பட்டது. ஆனால் எல்லைக் கோட்டையும் சர்வே நம்பரையும் 2022இலேயே பொருத்தியிருந்தால், ஒரு கிலோமீட்டர் என்ற பொதுவான கத்தி யார் கழுத்திலும் விழுந்திருக்காது.

இன்னொரு ஊர்க்காரர்கள் எப்படிச் செய்தார்கள்

2009 செப்டம்பரில் மணிலாவை ‘ஒண்டோய்’ புயல் மூழ்கடித்தது. நமது 2015 போலவே அவர்களுக்கு அது ஒரு திருப்பம். அதன் பிறகு பிலிப்பைன்ஸ் அரசு லைடார் அளவீட்டில் இறங்கியது, 2012இல் ‘நோவா’ திட்டம் தொடங்கியது, வெள்ள அபாய வரைபடங்கள் பொதுமக்கள் பார்க்கும்படி வந்தன. பிறகு வந்த ‘ஹஸார்ட்ஹன்டர்’ தளத்தில் வரைபடத்தில் ஓர் இடத்தைத் தொட்டால் போதும். அந்தப் புள்ளிக்கு வெள்ளம், நிலச்சரிவு, நிலநடுக்கம், எரிமலை எல்லாவற்றுக்கும் அபாய நிலை ஒரே அறிக்கையாக வரும். அங்கே நகராட்சிகள் தங்கள் நிலப் பயன்பாட்டுத் திட்டத்தைத் தயாரிக்கும்போது பருவநிலை, பேரிடர் அபாய மதிப்பீட்டைச் செய்து அதோடு சேர்க்க வேண்டும் என்ற வழிகாட்டு முறையும் உண்டு. அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை, ஒவ்வொரு வருஷமும் வெள்ளச் செய்தி வருகிறது. ஆனால் அங்கே ஒருவர் மனை வாங்கும் முன் கேட்கலாம், பதில் கிடைக்கும்.

நம் நாட்டில் வெள்ளச் சமவெளியை மண்டலம் பிரித்துக் கட்டுப்படுத்த மத்திய அரசு 1975லேயே மாதிரிச் சட்ட முன்வரைவு அனுப்பியது. மணிப்பூர், ராஜஸ்தான், உத்தராகண்ட் என்று சில மாநிலங்களே அதைச் சட்டமாக்கின. தமிழ்நாடு அந்த வரிசையில் இல்லை. 2015 வெள்ளத்தைப் பற்றி இந்தியத் தணிக்கைத் துறை தந்த அறிக்கை 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டபோது, அது மனிதரால் வந்த பேரிடர் என்றே சொன்னது.

எந்த மேசையில் இந்தப் படம் இருக்க வேண்டும்

வரைபடம் செய்வது பாதி வேலை. அது எந்த ஜன்னலில் உட்காருகிறது என்பது மீதிப் பாதி.

லேஅவுட் அனுமதி முதலாவது. இன்று நீர்நிலையை ஒட்டிய, தாழ்வான இடங்களுக்கு நீர்வளத் துறையின் தடையில்லாச் சான்று கேட்கிறார்கள். அந்தச் சான்று பெரும்பாலும் இவ்வளவு அடி மண் அடித்து மேடாக்கு என்ற நிபந்தனையோடு வரும். ஒரு மனைக்கு அது தீர்வு. நூறு மனைக்கு அதுவே பிரச்சினை. ஒரு கிரவுண்டில் 3 அடி மண் அடித்தால் அங்கே நின்றிருக்கக்கூடிய சுமார் 2 லட்சம் லிட்டர் தண்ணீருக்கு இடம் போச்சு. அது பக்கத்துப் பழைய காலனிக்குள் போகும். பக்கத்துக் காலனிக்காரர் என்ன செய்வார்? வீட்டுக்கு ஜாக்கி வைத்துத் தூக்குகிறார். சென்னையில் வீடு தூக்குவதே இப்போது ஒரு தொழிலாகிவிட்டது. அவர் தூக்கியதும் ரோடு போடுகிறவர்கள் ரோட்டை இன்னும் ஒரு படி ஏற்றுகிறார்கள். தனித்தனி மனுவைத் தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். படுகை முழுதையும் ஒரே மாடலில் வைத்து, இந்த லேஅவுட் மேடானால் கீழே யாருக்கு எத்தனை அங்குலம் கூடும் என்று பார்க்கும்போதுதான் உண்மை தெரியும். கணினிக் கருவியின் பெரிய பயன் இதுதான். மனிதக் கண்ணால், ஒரு ஃபைலை வைத்து, இதைப் பார்க்கவே முடியாது.

இரண்டாவது, சுயசான்று. 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, ஆன்லைனில் சுயசான்று கொடுத்து உடனே அனுமதி வாங்கலாம். நடுத்தரக் குடும்பங்களுக்கு இது பெரிய நிம்மதி, நானும் வரவேற்கிறேன். ஆனால் முன்பாவது ஒரு பொறியாளர் வந்து நிலத்தைப் பார்ப்பார் என்ற நம்பிக்கை இருந்தது. இப்போது பார்ப்பது கணினி மட்டுமே. அப்படியென்றால் அந்தக் கணினிக்குத் தண்ணீர் மட்டம் தெரிந்திருக்க வேண்டும். சர்வே நம்பரைப் போட்டதும் ‘இங்கே தரைத்தளம் இந்த மட்டத்துக்கு மேல் இருக்க வேண்டும், கீழ்த்தளம் கூடாது’ என்று அந்த அனுமதிக் கடிதத்திலேயே அச்சாகி வரட்டும்.

மூன்றாவது, எந்த நிலம் எதற்கு என்று நகரம் முழுதுக்கும் முடிவு செய்யும் பெருந்திட்டம். இப்போது நடப்பிலிருக்கும் இரண்டாவது பெருந்திட்டம் 2008இல் வந்தது, 2026 வரைக்குமானது. அடுத்தது 2046 வரைக்கும். அதோடு சென்னைப் பெருநகர எல்லையும் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிவாக்கப்பட்டிருக்கிறது, அரக்கோணம் வரை. புதிதாகச் சேர்ந்த நிலத்தில் பெரும்பகுதி இன்னும் வயலும் ஏரியும்தான். வேளச்சேரியில் இனிச் செய்யக்கூடியது குறைவு. புதிதாகச் சேர்ந்த பகுதியில் செய்யக்கூடியது நிறைய. ஏரிச் சங்கிலியையும் போக்குக் கால்வாயையும் முதலில் வரைந்துவிட்டு, மிச்சத்தில் மண்டலம் பிரிக்கலாம். 

ஒரு பயத்தையும் சொல்ல வேண்டும். வரைபடத்தில் அபாயத்தைக் காட்டும் சிவப்பு நிறம் எல்லோர் மேலும் ஒரே மாதிரி விழாது. அபாயம் என்பது தண்ணீர் வருவது மட்டுமில்லை. அங்கே ஆள் இருப்பதும், அந்த ஆளுக்குத் தாங்கும் சக்தி இல்லாததும் சேர்ந்ததுதான். இந்த ஊரில் ஆற்றங்கரைக் குடிசைகளை வெள்ள அபாயம் என்று சொல்லி எடுத்து, செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் கொண்டுபோய் வைத்தோம். அங்கேயும் தண்ணீர் வந்தது. அதே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் எழுந்த கண்ணாடிக் கட்டடங்களை யாரும் எடுக்கவில்லை. வரைபடம் அதிகாரியின் கணினியில் மட்டும் இருந்தால் அது வெளியேற்றும் கருவியாக மட்டுமே பயன்படும். மறுகுடியமர்த்தும் இடத்தின் தண்ணீர் மட்டத்தையும் அந்த மக்களே தட்டிப் பார்க்க முடிய வேண்டும். மனையின் விலை இறங்கிவிடும் என்று எதிர்ப்பு வரும், நிச்சயம் வரும். மறைத்து வைத்தால் விலை இறங்காது, வாங்கியவர் இறங்குவார்.

அப்புறம், படத்தைத் திருத்த மக்களுக்கு ஒரு வழி வேண்டும். 2015இல் தன்னார்வலர்கள் ‘ஓபன்ஸ்ட்ரீட்மேப்’ வரைபடத்தின் மேல் தண்ணீர் நிற்கும் தெருக்களை மக்களே குறிக்கும்படி ஒரு தளம் செய்தார்கள். ரேடார் பார்க்க முடியாத தெருவை அங்கே குடியிருந்தவர் பார்த்தார், குறித்தார். டீக்கடைச் சுவரில் இருக்கும் நீலக் கோடு அதே வகைத் தரவு. வார்டுக்கு இரண்டு பேர் ஒரு மாதம் நடந்தால், பெயின்ட் கோடுகளையும் கேட்டில் படிந்த சேற்றுத் தடங்களையும் தரையிலிருந்து அளந்து, இடத்தைக் குறித்து, தேதியோடு ஏற்றிவிடலாம். மாடல் போட்ட கணக்கு சரியா என்று பார்க்க அதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

எங்கள் கதைக்கு வருகிறேன். தெரிந்த சர்வேயர் ஒருவரை, மட்டம் பார்க்கும் ஆட்டோ லெவல் கருவியோடு அழைத்துப் போனோம். முக்காலியை மெயின் ரோட்டில் ஊன்றினார். அவருடைய பையன் ஸ்டாஃப் என்ற அளவுகோலைப் பிடித்துக்கொண்டு முதலில் டீக்கடை வாசலில் நின்றான், பிறகு லேஅவுட் வளைவில், பிறகு மனையின் நான்கு மூலையிலும். அரை மணி நேர வேலை. டீக்கடைத் தரையைவிட மனை 3 அடி 8 அங்குலம் தாழ்வு. 2015-இன் நீலக் கோடு கடைத் தரையிலிருந்து 4 அடி. அவ்வளவு குறுகிய தூரத்தில் தண்ணீர் மட்டம் பெரிதாக மாறாது. சர்வேயர் இரண்டையும் கூட்டி, சிகரெட் அட்டையின் பின்புறம் எழுதி, மாப்பிள்ளையிடம் கொடுத்தார்: 7 அடி 8 அங்குலம்.

மாப்பிள்ளை அட்வான்ஸ் கொடுக்கவில்லை. வேறு இடம் தேடிக்கொண்டிருக்கிறோம். ஒரு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது மனையில் மண் அடித்துக்கொண்டிருந்தார்கள். வாங்கியவர் கையில் அதே பட்டா, அதே வில்லங்கச் சான்று, அதே அப்ரூவல் இருந்திருக்கும்.